புதிதாக லாரி ஏறுகிறவர்களுக்கு: வீட்டு நாளைக் கணக்குப் போடும் விதம்

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்ததும் எங்கள் ஊர்ப் பையன்கள் கேட்கிற முதல் கேள்வி, சம்பளம் எவ்வளவு. அடுத்தது, எந்த வண்டி. வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வரலாம் என்று கேட்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. மூன்றாம் மாதம் அதே பையன் எங்கேயோ ஒரு தாபாவிலிருந்து போன் போடுவான்: "அண்ணே, தங்கச்சிக்கு வளைகாப்பு. ஓனர் விட மாட்டேங்கிறாரு. என்ன பண்றது?" அப்போது செய்ய ஒன்றும் இருக்காது. லோடு ஏறியாகிவிட்டது.

நான் மன்னார்குடிக்குப் பக்கம். 2009-ல் ஹெவி எடுத்தேன். பத்து வருடம் வடக்கு லைன், அப்புறம் பெங்களூர், விஜயவாடா. வீட்டில் மனைவி, ஒரு மகள், அம்மா. மூன்று மா நிலம், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருக்கிறது. இவற்றோடு லாரியையும் சேர்த்து ஓட்டக் கற்றுக்கொண்டதை, பெரும்பாலும் அடிபட்டுக் கற்றுக்கொண்டதை, சொல்கிறேன்.

முதலில் லைன், அப்புறம் வண்டி

வீட்டுக்கு எப்போது வருவீர்கள் என்பதை நீங்கள் ஓட்டும் லைன்தான் முடிவு செய்யும். ஓனர் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் வேலைக்குச் சேரும் முன் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். ஒரே டிரைவர், நாளைக்குப் பத்து மணி நேரம் ஸ்டியரிங், லோடு வண்டிக்குச் சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வையுங்கள். நாளைக்கு 400 வரும். போக மட்டும் ஆறேழு நாள். இறக்க ஒரு நாள். ரிட்டர்ன் லோடு கிடைக்க இரண்டு நாளும் ஆகும், ஐந்து நாளும் ஆகும். திரும்ப ஆறேழு நாள். ஒற்றை டிரைவருக்கு மொத்தம் பதினைந்திலிருந்து இருபது நாள், நடுவாகப் பதினெட்டு என்று வையுங்கள். பதினைந்துக்கும் குறைத்து ஒருவர் கணக்குச் சொன்னால், உங்கள் தூக்கத்தில் கைவைத்துத்தான் சொல்கிறார். இதிலும் ரிட்டர்ன் லோடு தஞ்சாவூருக்கே கிடைத்துவிடாது. சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ சேலத்துக்கோதான் கிடைக்கும். அங்கிருந்து நீங்கள் பஸ் பிடிக்க வேண்டும்.

பத்து மணி நேரம் என்று நான் சும்மா சொல்லவில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும் வரை இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்றது. நெடுந்தூரத்துக்கு 10 மணி, வாரத்துக்கு 54 வரை போகலாம் என்று இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணியாவது ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. ரோட்டில் இதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். பார்ப்பவர் குறைவுதான். ஆனால் ஓனர் "நாலு நாள்ல டெல்லி தட்டணும்" என்று சொல்லும்போது எந்தக் கோட்டைத் தாண்டச் சொல்கிறார் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஒரு ராத்திரி லைன். சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர், தூத்துக்குடி. வாரத்தில் இரண்டு மூன்று தரம் ஊர்ப்பக்கம் தலை காட்டலாம். ஆனால் பகலில்தான் வீட்டில் இருப்பீர்கள், அதுவும் தூங்கிக்கொண்டு. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு நீங்கள் கிளம்பிவிடுவீர்கள்.

லோக்கல் லைனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் டெல்டாவில் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இதில்தான். நெல் லோடு, உர லோடு, பட்டுக்கோட்டை பேராவூரணிப் பக்கம் தேங்காய், அறுப்பு முடிந்ததும் வைக்கோல். எல்லாமே வீட்டிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் ஏற்றுவதுதான். தினமும் ராத்திரி வீட்டுச் சோறு என்று நினைத்துத்தான் சேருவார்கள்.

ஒரு மாசி மாதம். கொள்முதல் நிலையத்தில் நானூறு மூட்டைக்கு மேல் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, சாயங்காலம் குடோன் வாசலுக்குப் போனேன். மூட்டை ஒன்று 40 கிலோ; இறக்க ஆட்கள் குறைவு. எனக்கு முன்னால் முப்பது வண்டி. என் வீடு அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர். லோடு வண்டியை விட்டுவிட்டுப் போக முடியாது: மூட்டை குறைந்தால் டிரைவர் தலையில்தான் விழும், வரிசை நகரும்போது ஆள் இல்லை என்றால் பின்னால் நிற்பவன் முந்திவிடுவான். மூன்று ராத்திரி அங்கேயே கிடந்தேன். இரண்டாம் நாள் மனைவி தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு மகளை முன்னால் நிறுத்தி ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். லாரி நிழலில் தார்ப்பாயை விரித்துச் சாப்பிட்டோம். டெல்லி லைனில் இருந்தபோது எனக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, உண்மைதான். ஆனால் இதை வீட்டில் இருந்த நாள் என்று கணக்கில் எழுத முடியாது.

அதோடு லோக்கலுக்கு இன்னொரு குணம் உண்டு. சம்பா அறுப்பு நடக்கும் தை, மாசியில் கண் மூட நேரம் இருக்காது. பங்குனி தாண்டிவிட்டால் வண்டி ஷெட்டில் நிற்கும். வீட்டில் இருப்பீர்கள், பேட்டா (வண்டி ஓடும் நாளுக்குக் கிடைக்கும் படிக்காசு) இருக்காது. எனவே லோக்கல் எடுப்பவர்கள் அறுப்புக் கால வருமானத்தை வருடம் முழுக்கப் பிரித்து வைக்க வேண்டும்.

என் கட்சி இது: முதல் ஆறு மாதம் லோக்கலோ ஒரு ராத்திரி லைனோ ஓட்டுங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் பிரிவு உங்களுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தாங்குகிறது என்று அதில் தெரிந்துவிடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அல்லது பெற்றவர்கள் படுக்கையில் இருந்தால், இப்போதைக்கு வடக்குப் பக்கம் திரும்ப வேண்டாம்.

லைசென்ஸ் விஷயம்

சரக்கு வண்டி லைசென்ஸுக்கு வயது 20 ஆகியிருக்க வேண்டும். இலகு ரக லைசென்ஸ் ஒரு வருடமாவது கையில் இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தை வீணாக்க வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குட்டி யானையோ பிக்கப்போ ஓட்டிப் பழகலாம். காய்கறி மார்க்கெட், மீன் லோடு என்று தினம் வீடு திரும்பும் வேலை அதில் நிறைய உண்டு. சிலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். நின்றாலும் தப்பில்லை.

சரக்கு வண்டி லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். கெமிக்கல், கேஸ், பெட்ரோல் டேங்கர் ஓட்டும் அனுமதிக்கு 3 வருடம்தான். முடிவதற்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கலாம். அதனால் ஏதாவது ஒரு நல்ல லீவில், அவசரம் இல்லாதபோது, முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் நினைவு வந்தால், பொங்கலுக்கு வந்த நாலு நாளில் இரண்டு நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய்விடும்.

ஓனரிடம் கேட்க வேண்டியவை

சேரும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் அது லீவு கேட்பது. சேரும் முன் கேட்டால் அது பேச்சு முடிப்பது. இரண்டுக்கும் ஓனர் முகம் வேறு வேறாக இருக்கும்.

எந்த லைன், வண்டியில் ஒரு டிரைவரா இரண்டு பேரா. இரண்டு பேர் என்றால் தூக்கமும் கிடைக்கும், நாளும் குறையும், பேட்டா மட்டும் கொஞ்சம் இளைக்கும். சம்பளம் மாதக் கணக்கா, ட்ரிப் கணக்கா. ட்ரிப் கணக்கு என்றால் வீட்டில் இருக்கும் நாளுக்குக் காசு கிடையாது, அதை மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஒரு ட்ரிப் முடிந்தால் எத்தனை நாள் வீடு. நான் லீவில் இருக்கும்போது ஆக்டிங் டிரைவர் போடுவீர்களா, அவருக்குக் காசு யார் கொடுப்பது. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆக்டிங் டிரைவர் ஏற்பாடு இல்லாத இடத்தில் உங்கள் லீவு என்றால் வண்டி நிற்பது என்று அர்த்தம். வண்டி நின்றால் ஃபைனான்ஸ் தவணை நிற்காது. அப்படிப்பட்ட ஓனர் நல்ல மனுஷராக இருந்தாலும் உங்களை விட மாட்டார், விடவும் முடியாது.

வண்டியை எங்கே விடுவது என்றும் கேளுங்கள். பெரிய லாரிக் கம்பெனிகள் நாமக்கல், சங்ககிரி பக்கம்தான் அதிகம். நாமக்கல் ஷெட்டில் வண்டியை ஒப்படைத்துவிட்டு திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி என்று மூன்று பஸ் மாறி வீட்டுப் படி ஏற அரை நாள் ஆகிவிடும். திரும்பப் போக அரை நாள். மூன்று நாள் லீவு என்பது டெல்டாக்காரனுக்கு இரண்டு நாள். சென்னையில் இறக்கினால் பரவாயில்லை, ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் ஊர். பஸ் காசு யாருடையது என்பதையும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் மாதாமாதம் கசக்கும்.

என் இப்போதைய ஓனரிடம் நான் பேசியது இவ்வளவுதான்: "முதலாளி, மாசத்துக்கு ஆறு நாள் வீடு. சேர்த்தும் எடுப்பேன், பிரிச்சும் எடுப்பேன். பத்து நாள் முன்னாடி சொல்லிடுவேன். சொன்ன தேதிக்கு லோடு போடாதீங்க." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அஞ்சு" என்றார். சரி என்றேன். அந்த ஐந்தை இதுவரை இரண்டு பேரும் மீறியதில்லை. ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன், அவருக்கும் தெரியும்.

வழியில் வீடு வந்தால்

திருச்சி தாண்டும்போது ஒரு ராத்திரி வீட்டுக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று எல்லோருக்கும் ஆசை வரும். லோடு இருக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று ஈ-வே பில், லோடோடு வர வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு. அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பது கணக்கு. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டர் என்றால் மூன்று நாள் இருக்கிறது, ஒரு ராத்திரி இடம் கொடுக்கும். காரைக்காலிலிருந்து திருச்சிக்கு ஒரே நாள்தான். அதில் வீடும் சேர்ந்தால் தேதி தாண்டிவிடும். நீட்டிக்க வழி உண்டு, ஆனால் அதற்கு ஓனர்தான் சரக்குக்காரப் பார்ட்டியிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு, ஜி.பி.எஸ். ஓனர் போனில் உங்கள் வண்டி மன்னார்குடி ரோட்டில் திரும்புவது தெரியும். கேட்டுவிட்டுத் திரும்புங்கள். கேட்டால் பாதி நேரம் விடுவார்கள். கேட்காமல் போய் மாட்டினால் அந்த ஐந்து நாளும் போய்விடும்.

பயிரையும் ட்ரிப்பையும் பொருத்துவது

நிலம் இருப்பவர்களுக்கு மட்டும் இது. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பு. நம் வேலை அதிலிருந்து தொடங்கும். நாற்று விடுவதும் நடவும் ஆள் வைத்து நடந்துவிடும், மனைவி பார்த்துக்கொள்வாள். அறுப்புக்குத்தான் ஆண் ஆள் வேண்டும் என்று வீட்டில் நினைப்பார்கள். மெஷின்காரரைப் பிடிப்பது, நெல்லைக் காயப்போடுவது, கொள்முதல் நிலையத்தில் டோக்கன், காவல் கிடப்பது என்று அலைச்சல் அப்படி.

அறுப்புத் தேதி முன்னாலேயே தெரியாது. ஆனால் கிட்டத்தட்டத் தெரியும். நெல் பூத்து ஏறக்குறைய 30 நாளில் அறுப்பு. மனைவி போனில் "கதிர் பால் பிடிச்சிருச்சுங்க" என்று சொன்னால் எனக்கு இருபது நாள் சொச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வடக்கு லோடு ஒன்று வந்து நின்றால் எடுக்கக் கூடாது; பதினெட்டு நாள் என்பது இருபத்துநாலாகும். பெங்களூர் இரண்டு தரம் போய்விட்டு வந்துவிடலாம். ஓனரிடமும் தேதி கேட்காமல் "15-ல இருந்து 22-க்குள்ள நாலு நாள்" என்று இடைவெளியாகக் கேளுங்கள். அவரும் பெரும்பாலும் விவசாயக் குடும்பம்தான், புரிந்துகொள்வார்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு கேட்டால் நூறு பேர் கேட்டிருப்பார்கள். எனக்கு ஆயுத பூஜைதான் லாபமாகத் தெரிகிறது. வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொட்டு வைக்க எப்படியும் பெரும்பாலான ஓனர்கள் ஷெட்டுக்குக் கூப்பிடுவார்கள். அதை ஒட்டி இரண்டு நாள் கேட்டால் மறுப்பு வராது.

போன்

பேசும் நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ராத்திரி சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது, எட்டு எட்டரைக்குள். ஓட்டும்போது எடுக்க மாட்டேன் என்று வீட்டுக்குத் தெரியும், அதனால் எடுக்காவிட்டால் பயப்படவும் மாட்டார்கள். உண்மையான அவசரம் என்றால் மூன்று முறை தொடர்ந்து அடிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை ஏறியபோது நான் நாக்பூர் தாண்டி இருந்தேன். தாபா டி.வி.யில் வேதாரண்யம், நாகப்பட்டினம் என்று படம் ஓடுகிறது. வீட்டுக்குப் போட்டால் சுவிட்ச் ஆஃப். அம்மா, மச்சான், எதிர்வீடு, எல்லாமே அதேதான். டவரும் இல்லை, கரண்டும் இல்லை. எனக்குத் தெரிந்த எல்லா நம்பரும் ஒரே ஊர் நம்பர் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நான்காம் நாள் மகள் குரலைக் கேட்டேன். கேட்டதும் அவள் சொன்னது, "அப்பா, தென்னமரம் எல்லாம் படுத்துக்கிச்சு." அன்றிலிருந்து வீட்டுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு வெளியூர் நம்பர் வைத்திருக்கிறோம், திருப்பூரில் இருக்கும் சித்தப்பா பையன். புயலோ வெள்ளமோ, யாருக்கு முதலில் சிக்னல் கிடைக்கிறதோ அவர்கள் அவனிடம் சொல்லிவிட வேண்டும். நீங்களும் இதைச் செய்துவிட்டு வண்டி ஏறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவை விட்டுப் போகிறவனுக்கு இது ஸ்டெப்னி மாதிரி.

திரும்பி வரும் ராத்திரி

தேதி சொல்லுங்கள், மணி சொல்லாதீர்கள். நான் மகளிடம் "காலையில உன்னை ஸ்கூல்ல விட அப்பா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டேன். சேலத்தில் இறக்க லேட். காலி வண்டி, ரோடும் காலி, விரட்டிக்கொண்டு வருகிறேன். செங்கிப்பட்டி தாண்டி மூன்றரை மணி. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன். சென்டர் மீடியனில் முன்சக்கரம் ஏறிய சத்தத்தில்தான் விழித்தேன். எதிரே எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். டயர் போச்சு, பம்பர் போச்சு, பாதிப் பணம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். ஸ்கூலுக்கும் விடவில்லை.

ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தானாகவே மூடிக்கொள்ளும் நேரம். டீ குடித்து முகம் கழுவினால் இருபது நிமிஷம் தாங்கும். தூங்கினால்தான் தீரும். ஊர் நெருங்கும்போது டிரைவர் தூங்க மாட்டான், ஏனென்றால் வீட்டில் போய்த் தூங்கலாம் என்று நினைப்பான். அதனால் என் வழக்கம், கடைசி நூறு கிலோமீட்டருக்கு முன் இரண்டு மணி நேரம் கட்டாயம் நிறுத்துவது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று வந்திருக்கிறது. புது வண்டி கிடைக்கிறவர்கள் பாக்கியசாலிகள், பகலிலும் தூங்க முடியும்.

வீட்டில் இருக்கும்போது

முதல் நாளில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்க வேண்டும். அன்றைக்குக் கோயிலுக்குப் போகலாம், மாமியார் வீட்டுக்குப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினால் வழியில் சண்டைதான் வரும். எனக்கு மூன்று தரம் வந்திருக்கிறது.

மகளுக்கு நாலு வயதிருக்கும். இருபத்துமூன்று நாள் கழித்து வந்திருந்தேன். மனைவி அடுப்படியிலிருந்து "அப்பாவுக்கு டம்ளர் எடுத்துட்டு வா" என்றாள். பிள்ளை போய் ஷெல்ஃபில் மேலே இருக்கும் பூப்போட்ட கண்ணாடி டம்ளரை, ஸ்டூல் போட்டு ஏறி, கவனமாக இரண்டு கையாலும் பிடித்து எடுத்துவந்து வைத்தாள். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு எடுக்கிற டம்ளர் அது. மனைவி சிரித்துவிட்டாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வடக்கு லைனை அந்த வருடமே விட்டிருக்க வேண்டும், கடன் விடவில்லை.

இன்னொன்று, நீங்கள் இல்லாதபோது வீட்டில் எடுத்த முடிவுகளை வந்தவுடன் கலைக்காதீர்கள். டியூஷன் மாற்றியதோ, ஆட்டை விற்றதோ, யாருக்கோ ஆயிரம் ரூபாய் கொடுத்ததோ, நடந்தது நடந்ததுதான். இருபது நாள் தனியாகச் சமாளித்த ஆளிடம் வந்து நாலு மணி நேரத்தில் கணக்குக் கேட்டால், அடுத்த தடவை நீங்கள் கிளம்புவது எப்போது என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். பணத்தில் என் ஏற்பாடு: சம்பளம் நேராக மனைவி கணக்குக்கு, பேட்டா என்னிடம். பேட்டாவில் மிச்சம் பிடித்தது என் செலவு. இப்படிப் பிரித்த பிறகு எங்களுக்குள் பணச் சண்டை பாதி குறைந்தது.

வெட்டியாக இருக்கும் நாளில் செய்ய ஒரு வேலை: அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் படிப்பு உதவித்தொகைக்கு அது வேண்டும். கார்டை வீட்டில் வையுங்கள், கேபினில் வைத்தால் எப்போதும் நாலு மாநிலம் தள்ளித்தான் இருக்கும்.

கிளம்பும்போது

பிள்ளை தூங்கும்போது சொல்லாமல் போகாதீர்கள். அழுவாள் என்று நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அப்புறம் ராத்திரி எழுந்து எழுந்து நான் இருக்கிறேனா என்று பார்க்க ஆரம்பித்தாள். இப்போது கிளம்பும் முன் தினசரி காலண்டரில் நான் திரும்பும் தேதித் தாளின் ஓரத்தை அவளே மடிப்பாள். காலையில் தாள் கிழிப்பதும் அவள் பொறுப்பு. தேதி தள்ளிப்போனால் நான் போன் செய்து மடிப்பை மாற்றச் சொல்ல வேண்டும், அது அவள் போட்ட கண்டிஷன்.

இதை எழுதுவது விஜயவாடாவில், இறக்க முறை வராமல் காத்திருக்கும்போது. மடிப்பு 14-ல் இருக்கிறது. எனக்கு முன்னால் இன்னும் ஒன்பது வண்டி. எட்டு மணிக்குப் போன் செய்து 15-க்கு மாற்றச் சொல்ல வேண்டும்.